முதலில் அனிமோன், அப்புறம் பவளம்: சேலத்து வீட்டில் ரீஃப் தொட்டி

ரீஃப் தொட்டி என்பது உப்புத்தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. அதில் பவளத்தைப் பாறையில் ஒட்டிவிட்டால் அது அங்கேயே இருக்கும். கடல் சாமந்தி என்கிற அனிமோன் அப்படி இல்லை. அதற்குப் பாதம் உண்டு. வைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்துபோய், நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய பவளத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். காலையில் அந்தப் பவளம் வெந்துபோன மாதிரி இருக்கும்.

இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டால், தாராளமாக வளர்க்கலாம். அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் ஆறு வருடமாக வளர்க்கிறேன். ஆனால் வரிசை தப்பினால் எல்லாம் தப்பும். பலரும் பவளங்களை அழகாக அடுக்கி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு அனிமோனை வாங்கி நடுவில் வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பட்டேன். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எங்கள் ஆயா முதல்முறை தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது பூவா, பூச்சியா?" என்று கேட்டார். கடல் சாமந்தி என்று பெயர் இருந்தாலும் பூச்சிதான் ஆயா என்றேன். அனிமோனும் பவளமும் பங்காளிகள். இரண்டுக்கும் கொட்டும் செல்கள் உண்டு. இரண்டின் உடம்புக்குள்ளும் நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுகிறது. கல் பவளம் சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொள்கிறது, அனிமோன் கட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பங்காளிகள் என்பதால்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வரப்புச் சண்டை வருகிறது.

தொட்டி, தண்ணீர், உப்பு

நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் பிடிக்கும். ஒரு அனிமோனுக்கும் கொஞ்சம் பவளத்துக்கும் இது வசதி. மூன்றடித் தொட்டியிலும் முடியும், ஆனால் வரப்பு விட இடம் இருக்காது. தண்ணீர் மட்டுமே கால் டன் எடை, அதற்கு மேல் பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்டு, கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டி. மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீம் போகிற இடம் பார்த்து வையுங்கள்.

சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற தெருவானாலும் சரி, போர் தண்ணீரானாலும் சரி, நேரே ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,100 காட்டியது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சமையலறை ஆர்ஓ மெஷின் இருக்கிறதே என்பீர்கள். அதில் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் ஒரு திருகு இருக்கும். அதை முழுக்க மூடிவிட்டு, கடைசியில், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் உருளையை மாட்டினால் மீட்டர் 0 காட்டும். அந்த 0 வந்தபிறகுதான் உப்புப் பை பிரிக்க வேண்டும்.

ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை போட்டு, டிரம்மில் ஒரு பம்பை ஓடவிட்டு ராத்திரி முழுக்கக் கரையவிடுங்கள். அடர்த்தி 1.025 அல்லது 1.026 இருக்க வேண்டும். பிளாஸ்டிக் முள் ஆடும் மலிவான கருவியை நம்பாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதற்கென்று விற்கும் 35 உப்புத்தன்மைத் திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு இதற்கு அப்புறம்தான் வரும். தண்ணீர் குறைந்ததைப் பார்த்து உப்புத்தண்ணீரையே ஊற்றுவார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் ஆர்ஓ டிஐ தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மேலே ஃபேன் ஓடும் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் காணாமல் போகும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் உப்பு ஏறியிருக்கும், அனிமோன் சுருங்கியிருக்கும். தானாகத் தண்ணீர் சேர்க்கும் ஏடிஓ கருவி ஆடம்பரம் இல்லை. விளக்கில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎச் 8.1 முதல் 8.4, காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1,300 பிபிஎம் பக்கம், நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். எண் துல்லியமாக இருப்பதைவிட ஆடாமல் இருப்பது முக்கியம். மெக்னீசியம் என்றதும் ஒரு நண்பர், மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் கிடைக்கிற வெள்ளைக்கல்லை உள்ளே போட்டால் ஆகாதா என்று கேட்டார். ஆகாது. தொட்டியின் பிஎச்சில் அது கரையவே கரையாது, அதோடு கூட என்னென்ன உலோகம் ஒட்டிக்கொண்டு வரும் என்றும் சொல்ல முடியாது.

சூடு

கடலோரத்தில் இருப்பவர்களைவிட நமக்கு இதுதான் பெரிய தலைவலி. தொட்டி 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் வெளியே 38, 39 டிகிரி அடிக்கும்போது மாடி அறையில் தண்ணீர் தானாகவே 32க்குப் போய்விடும். சில நாள் அப்படியே நின்றால் உடம்புக்குள் இருக்கும் பாசியை அனிமோனும் பவளமும் வெளியே துப்பிவிடும், வெளுத்துப்போகும். ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கித் தரும், அதற்கு மேல் முடியாது. எனவே சில்லர் வேண்டும், அல்லது அந்த அறைக்கு நாள் முழுக்க ஏசி வேண்டும். 250 லிட்டருக்குக் கால் எச்பி சில்லர் போதும். அதைத் தொட்டி அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அதே அறையில்தான் கக்கும். நான் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, பைப்பை வெளியே இழுத்து, சில்லரைப் பால்கனியில் நிழலில் வைத்திருக்கிறேன்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கோடையிலும் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அங்கே பிரச்சினை மார்கழி, தை. ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்னதாகப் போடுங்கள். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துவிடாது, ஒன்று கெட்டாலும் உறைந்துவிடாது. மலை ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அதையும் ஆர்ஓ வழியாகவே விடுங்கள்.

ஆறு மாதம் சும்மா இருங்கள்

பாறையும் மணலும் போட்டு, தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நைட்ரஜன் சுழற்சி முடியும், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகி அமோனியா பூஜ்யமாகும். பழுப்புப் பாசி வரும், அப்புறம் பச்சைப் பாசி வரும், போகும். மீன் விடலாம். அனிமோன் மட்டும் வேண்டாம். தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும், ஒரு வருடம் ஆனால் இன்னும் நல்லது. இந்தக் காத்திருப்பில் கை அரிக்கும். அப்போது காளான் பவளம், சோவாந்திட் மாதிரி தாங்கக்கூடிய இரண்டு மூன்று துண்டுகளைச் சின்னப் பிளக்கோடு, அதாவது அடிக்கட்டையோடு, வாங்கி மணலில் நட்டு வையுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். பின்னால் அவற்றைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

பாறையை அடுக்கும்போதே அனிமோனுக்கு ஒரு தனித் தீவு கட்டிவிடுங்கள். தொட்டியின் ஒரு பக்கம், மற்ற பாறைகளிலிருந்து ஒரு சாண் மணல் விட்டு, தனிக் குவியல். அதில் விரல் நுழையும் ஆழத்துக்கு ஒரு பொந்து. நான் சொல்லப்போகும் பபுள் டிப் என்ற அனிமோன் வகை பாதத்தை இருட்டான பொந்துக்குள் ஊன்றி, விரல்களை வெளிச்சத்தில் விரிக்கும். டென்டக்கிள் என்பதைத்தான் விரல் என்கிறேன். பொந்து பிடித்துவிட்டால் வெறும் மணலைத் தாண்டி நடக்கச் சாதாரணமாக அது யோசிக்கும். நடக்கவே நடக்காது என்று எழுதித் தர மாட்டேன்.

எந்த அனிமோன்

பபுள் டிப். வேறு பேச்சே வேண்டாம். கார்ப்பெட் வகை பெரிதாகும், பலமாகக் கொட்டும், அசந்த மீனைப் பிடித்துத் தின்றுவிடும். ரிட்டேரி வகைக்கு வெளிச்சமும் நீரோட்டமும் அதிகம் வேண்டும், அதுவும் ஊர் சுற்றும். இவை இரண்டும் பல வருடம் கழித்து யோசிக்க வேண்டியவை. காண்டிலாக்டிஸ் மலிவாகக் கிடைக்கும். அது அட்லாண்டிக் பக்கத்து ஆள், அனிமோனுக்குள் ஒண்டி வாழும் கிளவுன் மீனுக்கு இயற்கையான துணை இல்லை.

வாங்கும்போது வாயைப் பாருங்கள். இறுக மூடியிருக்க வேண்டும். பிளந்து, உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். விரல்கள் ஒட்ட வேண்டும். பாதத்தில் கிழிசல் இருக்கக் கூடாது. தூய வெள்ளையாக இருப்பது அழகு இல்லை, அது வெளுத்துப்போனது. பளீர் மஞ்சள் என்றால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். மங்கலான பழுப்பும் பச்சையும் ஆரோக்கியமான நிறங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, வேறு ஒருவர் தொட்டியில் பிரிந்து பிறந்த குட்டி. வீட்டுத் தண்ணீரில் பழகியது அது. சென்னைக் கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைப்பதானால் ராத்திரிப் பயணமாக, தெர்மாகோல் பெட்டியில் வரச் சொல்லுங்கள்.

வந்ததும் பையை மூடியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். அப்புறம் சின்ன வாளியில் விட்டு, ஏர் டியூப்பில் சொட்டுச்சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் இறக்குங்கள். விளக்கைக் குறைத்து, நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரை அணைத்து, கையுறை போட்டு, பொந்துக்குப் பக்கத்தில் பாதம் படுகிற மாதிரி வையுங்கள். அரை மணியில் பிடித்துக்கொள்ளும். பிடித்தபிறகு நீரோட்டத்தை மெல்லத் திறக்கலாம். அடுத்த சில நாள் அது நகரலாம், சுருங்கலாம், பார்க்கச் சகிக்காமல் தொங்கலாம். கையை உள்ளே விடாதீர்கள்.

அந்தச் சித்திரை

நான் கையை விட்டேன். அதைவிடப் பெரிய தப்பும் செய்திருந்தேன். என் முதல் அனிமோன், பவளங்கள் எல்லாம் ஒட்டி முடித்த தொட்டிக்கு வந்தது. நடுவில் வைத்தேன். மூன்றாம் நாள் டார்ச் பவளத்தின் மேல் ஏறியிருந்தது. என் கைவிரலால் நகர்த்திப் பெயர்த்து, பழைய இடத்திலேயே வைத்தேன். அன்று ராத்திரி அது கண்ணாடி மேல் ஏறி, வேவ்மேக்கர் பக்கம் போயிருக்கிறது. காலையில் எழுந்து வந்தால் தொட்டி மோர் மாதிரி இருக்கிறது. மத்தில் கடைந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் மூக்கு சுருங்குகிறது. வேவ்மேக்கரின் மூக்கில் ஒரு துண்டு, இன்னும் ஒட்டிக்கொண்டு, விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

கலக்கி வைத்திருந்த உப்புத்தண்ணீர் 100 லிட்டர் இருந்ததால் தொட்டி தப்பியது. உடனே தண்ணீர் மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரியான கார்பனைப் புதிதாகப் போட்டு, அழுக்கை நுரையோடு பிரிக்கும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓடவிட்டேன். டார்ச்சின் இரண்டு தலைகள் போய்விட்டன. மீன்கள் பிழைத்தன.

இதில் கற்றுக்கொள்ள இரண்டு. அனிமோன் வரும் முன்பே வேவ்மேக்கருக்குப் பஞ்சுக் கவசம் போட்டுவிடுங்கள். கரடுமுரடான கருப்பு ஃபில்டர் பஞ்சைக் கத்தரித்து உறை மாதிரி மாட்டினால் போதும். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். சம்ப்புக்கு இறங்கும் வழியிலும் வலைத் தடுப்பு இருக்கட்டும். இரண்டாவது, அனிமோன் நகர்ந்தால் அதற்கு எதுவோ பிடிக்கவில்லை என்று பொருள். வெளிச்சம் அதிகமா, நீரோட்டம் நேரே முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்து அதை மாற்றுங்கள். கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பாறையோடு தூக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் பாதத்தின் பக்கம் ஒரு ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சிறிது நேரம் பிடித்தால் தானே விடும். கத்தி, கரண்டி, நகம் எதுவும் வேண்டாம்.

இப்போதுதான் பவளம்

அனிமோன் ஒரே இடத்தில் ஒன்றிரண்டு மாதம் நின்றதா? நன்றாக விரிந்திருக்கும்போது அதன் குறுக்களவைப் பாருங்கள். வளர்ந்த பபுள் டிப் ஓர் அடி வரை விரியும். அந்த விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு சாண் வரப்பு. அதற்கு வெளியே இனி பசை போட்டு ஒட்டலாம்.

டார்ச், ஹாமர் வகைப் பவளங்களும் ராத்திரியில் நீளக் கை நீட்டிக் கொட்டும், அவற்றைத் தொட்டியின் எதிர்க்கோடிக்கு அனுப்புங்கள். அக்ரோபோரா மாதிரி வெளிச்சம் கேட்கும் கல் பவளங்கள் மற்றப் பாறையின் உச்சியில். காளானும் சோவாந்திட்டும் எதிர்ப் பக்கம் கீழே. லெதர் பவளம் கையால் அடிக்காது, தண்ணீரில் ரசாயனம் கலந்து அடிக்கும். அதற்கு மாதாமாதம் கார்பன் மாற்றினால் போதும். பச்சைப் புல் மாதிரி படரும் ஸ்டார் பாலிப்பை அனிமோன் தீவில் மட்டும் விடாதீர்கள், பொந்தையே மூடிவிடும்.

அனிமோனுக்குத் தீனி வாரம் ஒருமுறை. மீன் மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறாலை உரித்து, கழுவி, நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி ஃபிரீசரில் வையுங்கள். ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து அனிமோனின் விரலில் தொட்டால் மெல்ல மடக்கி வாய்க்குக் கொண்டுபோகும். பெரிய துண்டு கொடுத்தால் ராத்திரி துப்பிவிடும், அது அழுகும். சில நாள் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கி, வாயிலிருந்து பழுப்பாக எதையோ தள்ளும். செத்துவிட்டது என்று எனக்கே போன் வந்திருக்கிறது. அது கழிவு போகிறது, அவ்வளவுதான். வாய் பிளந்தே கிடந்து, தொட்டால் கரைந்து, நாற்றம் வந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

கிளவுன் மீன் இல்லாமலும் அனிமோன் நன்றாக வாழும். வேண்டுமானால் அனிமோன் நிலைத்தபிறகு ஒரு ஜோடி விடுங்கள். முன்பே விட்டால் உரசி உரசி அதைத் தூங்கவிடாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியவை. ஆகவே கடலில் பிடித்ததைத் தேடாமல் பண்ணையில் பிறந்ததைக் கேளுங்கள். ஜோடியில் பெரியது பெண்.

பாறையோடு சில சமயம் ஐப்டேசியா என்ற சின்னப் பழுப்பு அனிமோனும் வரும். இது பார்த்தீனியச் செடி மாதிரி. கிள்ளினால் விட்ட துணுக்கெல்லாம் புதிதாக முளைக்கும். பம்பை அணைத்துவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழம்பாகக் கரைத்து ஊசியால் அதன் மேல் மூடுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே சரக்குதான் என்றாலும் டப்பாச் சுண்ணாம்பைப் போட வேண்டாம். வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். முந்தின நாளே பேப்பரில் வந்துவிடுவதால் தயாராகலாம். வீட்டு இன்வெர்ட்டர் சில்லரை இழுக்காது. வேவ்மேக்கரையும், சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும் மட்டும் அதில் மாட்டுங்கள், மூச்சுக்கு அது போதும். இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் ஆர்ஓ தண்ணீரை உறையவைத்து, மூடியபடியே சம்ப்பில் மிதக்கவிட்டு, உருக உருக மாற்றுங்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மரம் விழுந்து போகிற கரண்டுக்கு முன்னறிவிப்பு கிடையாது, அங்கே பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

சட்டம்

கல் பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. ராமேஸ்வரம் போனபோது எடுத்தது, தூத்துக்குடிப் பக்கம் ஒருவர் கொடுத்தார் என்று யாராவது பவளமோ பவளப்பாறையோ கொண்டுவந்தால், செத்ததாக இருந்தாலும் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அமைத்ததே அவற்றைக் காப்பாற்றத்தான். டார்ச், ஹாமர், அக்ரோபோரா எல்லாம் கல் பவளம்தான். வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, இறக்குமதிக் காகிதத்தைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பாறைக்கு, செயற்கையாகச் செய்த உலர்ந்த பாறையே போதும்.

எல்லாம் ஒத்துப்போனால் ஒரு நாள் உங்கள் பபுள் டிப் நடுவில் இழுபட்டு, எட்டு மாதிரி ஆகி, இரண்டாகப் பிரியும். தண்ணீர் மாற்றிய அடுத்த நாளோ, நன்றாகத் தின்ற வாரமோ நடக்கும். இரண்டு பாதியும் கிழிந்த துணி மாதிரி தெரியும். ஒரு வாரத்தில் ஆறி, தனித்தனி வாயோடு விரியும். குட்டி புது இடம் தேடி நடக்கும் என்பதால் அந்த வாரம் வரப்பை இன்னொருமுறை பாருங்கள், பஞ்சுக் கவசத்தையும் பாருங்கள். எனக்கு இதுவரை ஐந்து குட்டிகள் கிடைத்திருக்கின்றன. கேட்டு வருபவரிடம், உங்கள் தொட்டிக்கு எத்தனை மாதம் ஆகிறது, டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கட்டுகிறேன்.